கொடை வீடியோவில் கறுப்புப் பட்டை ஓடுகிறது, கேமராவை மாற்றணுமா?

கடனாநதிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். ஆழ்வார்குறிச்சி பக்கம் ஒரு சின்ன ஊர் எனக்கு. எங்கள் சுடலைமாடன் கோயிலில் சித்திரைக் கொடை, அதாவது கோயில் திருவிழா, முடிந்து பத்து நாள் ஆகிறது, இன்னும் எரிச்சல் அடங்கவில்லை, அதனால்தான் இங்கே வந்து புலம்புகிறேன்.

வில்லுப்பாட்டு பாடுகிற அண்ணாச்சிக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. எங்கள் கோயிலுக்கு என் அப்பா காலத்திலிருந்து அவர்தான் பாடுகிறார். இந்தக் குரலை ஒழுங்காகப் பதிந்து வைக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை, அதற்காகவே செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன மிரர்லெஸ் கேமரா வாங்கினேன். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்கிற சின்ன சென்சார் வகை, 16 மெகாபிக்சல், 4கே எடுக்கும், கை ஆட்டத்தைக் குறைக்கிற ஸ்டெபிலைசேஷன் பாடிக்குள்ளேயே இருக்கிறது. கம்பெனி பெயரைச் சொன்னால் அதை வைத்தே சண்டை ஆரம்பித்துவிடும், அதனால் சொல்லவில்லை. கூட வந்த கிட் லென்ஸ், எஃப் 3.5-இல் தொடங்கி ஜூம் பண்ணினால் 5.6-க்குப் போகும் (எண் கூடக்கூட உள்ளே வருகிற வெளிச்சம் குறையும்). பகலில் அருவிக்கரையில், வயலில் எடுத்துப் பார்த்தபோது அருமையாக இருந்தது.

கொடை அன்றைக்கு மானம் போயிற்று. முதலாவது, பந்தல் டியூப்லைட் வெளிச்சத்தில் படம் முழுக்க அகலமான கறுப்புப் பட்டை மேலிருந்து கீழே நகர்ந்துகொண்டே இருக்கிறது. சீரியல் செட் பின்னால் வந்தால் அது இன்னும் மோசம். இரண்டாவது, வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுகிற அளவு, 6400-க்குப் போய், பாடுகிறவர் முகத்தில் ஆற்று மணலைத் தூவின மாதிரி இருக்கிறது. மூன்றாவது, சாமியாடி எழுந்து வரும்போது ஃபோகஸ் முன்னும் பின்னும் ஊசலாடி, கடைசியில் அவரை விட்டுவிட்டு வாழைமரத்தில் போய் நிற்கிறது. நான்காவது சத்தம். குடம் அடிக்கிற ஒவ்வொரு முறையும் டப் டப்பென்று உடைகிறது, கேமராவில் இருக்கிற மைக்கைத்தான் நம்பினேன்.

ஆடியில் எங்கள் அம்மன் கோயில் கொடை வருகிறது, அதே செட்டைத்தான் பேசி அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார்கள். கையில் 25 ஆயிரம் இருக்கிறது. இந்தக் கேமராவை விற்று அதையும் சேர்த்து, எல்லோரும் சொல்கிற சோனி இசட்வி-ஈ10 வாங்கிவிடட்டுமா? இல்லை, தப்பு என் கையில்தானா? அப்புறம் மார்கழி, தை வாக்கில் கூந்தன்குளத்துக்குப் பறவை எடுக்கவும் போகணும் என்று ஒரு ஆசை, ஒரே கேமராவில் இரண்டும் நடக்குமா என்றும் சொல்லுங்கள்.

டியூப்லைட்:

தம்பி, அவசரப்பட்டு விற்காதீர்கள். அந்தக் கறுப்புப் பட்டை கேமரா கோளாறே இல்லை, உங்கள் மெனுவில் ஒரு வரி மாற்றினால் பாதி போய்விடும். பாளையங்கோட்டைப் பக்கம் கல்யாண வீடியோ எடுத்தே பாதி ஆயுளைக் கழித்தவன் நான், இந்தப் பட்டையோடு எனக்குப் பழைய பகை.

நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப்லைட், மலிவான எல்இடி பல்பு எல்லாம் அதன் இரட்டிப்பில், அதாவது விநாடிக்கு 100 தடவை கூடிக் குறைந்து எரிகிறது. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். சென்சார் படத்தை ஒரே மூச்சில் எடுப்பதில்லை, மேல் வரியிலிருந்து கீழ் வரி வரை வரிசையாக வாசித்துக்கொண்டே வருகிறது. வாசிக்கிற நேரத்துக்குள் விளக்கு மங்கினால் அந்த வரிகள் இருட்டாகும், அதுதான் பட்டை. ஷட்டர் நேரத்தை 1/50 அல்லது 1/100 விநாடி என்று வைத்தால் ஒவ்வொரு வரிக்கும் விளக்கின் முழுச் சுற்று கிடைத்துவிடும், எந்த வரியும் ஏமாறாது. உங்களுடையது நிச்சயம் விநாடிக்கு 30 ஃபிரேம், 1/60 ஷட்டர் என்றுதான் இருந்திருக்கும், யூடியூபில் அமெரிக்காக்காரன் சொன்னதைப் பார்த்து வைத்திருப்பீர்கள். அவன் ஊரில் 60 ஹெர்ட்ஸ், அவனுக்கு அது சரி.

மெனுவில் என்டிஎஸ்சி, பிஏஎல் என்றோ, 59.94, 50 என்றோ ஒன்று இருக்கும். பிஏஎல், 50 பக்கம் மாற்றுங்கள். சில கேமரா கார்டை மறுபடி ஃபார்மட் பண்ணச் சொல்லும், அதனால் உள்ளே இருப்பதை முதலில் காப்பி எடுத்துவிடுங்கள். அப்புறம் 25 ஃபிரேம், ஷட்டர் 1/50, அதைத் தொடவே கூடாது. கை வீச்சு, தலை ஆட்டம் எல்லாம் கண்ணுக்குப் பழகின மாதிரி வருவதும் இந்தக் கணக்கில்தான்.

சீரியல் செட் தனி வியாதி. அந்தக் குட்டி எல்இடிகளை கன்ட்ரோலர் வேறு வேகத்தில் அணைத்து அணைத்து ஏற்றுகிறது, அதற்கு 50 ஹெர்ட்ஸ் கணக்கு உதவாது. ஷட்டரை நுணுக்கமாக, 1/50.2, 1/51 என்று மாற்றுகிற வசதி சில கேமராக்களில் சிங்க்ரோ ஸ்கேன் என்ற பெயரில் இருக்கிறது, இருந்தால் திரையைப் பார்த்துக்கொண்டே திருப்பி, பட்டை நிற்கிற இடத்தில் விடுங்கள். இல்லையென்றால் சுலபமான வழி, அந்த மயில் போட்ட பெரிய சீரியல் வளைவு பின்னணியில் வராத இடமாகப் பார்த்து உட்காருங்கள்.

இன்னொன்று யாரும் சொல்ல மாட்டார்கள். நடுராத்திரி வாடகை ஜெனரேட்டரில் ஓட்டினால் 50 ஹெர்ட்ஸ் என்பது பேச்சுக்குத்தான். மைக் செட், லைட் எல்லாம் ஏற்றி இறக்கும்போது அது 49, 51 என்று அலையும், 1/50 வைத்திருந்தாலும் மெலிசாக ஒரு பட்டை ஊர்ந்து போகும். அதற்கு மருந்து கிடையாது, ஜெனரேட்டர்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

ஃபோட்டோ எடுக்கும்போதும் பட்டை விழுந்தால் சைலன்ட் மோடை அணைத்துவிட்டு மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். வெள்ளை சமநிலையை ஆட்டோவில் விடாதீர்கள், சீரியல் செட் சிவப்புக்கும் பச்சைக்கும் மாறமாற சாமியாடி முகமும் நிறம் மாறும். 4500 கெல்வின் பக்கம் ஏதோ ஒன்றில் பூட்டி விடுங்கள். வெளிச்ச அளவும் அப்படித்தான். மாடன் பீடத்துக்குப் புதுசாகச் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள், அந்த வெள்ளையைப் பார்த்துக் கேமரா பயந்து எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும்.

வரித்தலை வாத்து:

மேலே அண்ணாச்சி பட்டையை முடித்துவிட்டார், நான் மணலுக்கு வருகிறேன்.

கணக்கைப் பாருங்கள். உங்கள் சென்சார் 17.3-க்கு 13 மில்லிமீட்டர். இசட்வி-ஈ10 போன்ற ஏபிஎஸ்-சி சென்சார் ஏறக்குறைய 23.5-க்கு 15.6. பரப்பளவு உங்களுடையதைப் போல ஒன்றரை மடங்கு சொச்சம்தான், அதாவது முக்கால் ஸ்டாப்கூட முழுசாக இல்லை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). அதோடு கிட்டாக வருகிற 16-50 லென்ஸும் அதே 3.5 முதல் 5.6 வரைதான். இந்த லாபத்துக்கு உங்கள் 25 ஆயிரத்தையும் கேமராவையும் சேர்த்துக் கொடுக்கப் போகிறீர்களா?

அதே காசில் கொஞ்சத்தை எடுத்து எஃப் 1.7 அல்லது 1.8 பிரைம் லென்ஸ், அதாவது ஜூம் இல்லாத லென்ஸ், ஒன்று வாங்குங்கள். லூமிக்ஸ் 25 எம்எம் எஃப் 1.7 இருக்கிறது, 125 கிராம்தான், செகண்ட் ஹேண்டில் நிறையக் கிடைக்கும். 5.6-இலிருந்து 1.7-க்கு வந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட 11 மடங்கு. 6400-இல் எடுத்த அதே காட்சி ஐஎஸ்ஓ 600-இல் வந்துவிடும், மணலெல்லாம் ஆற்றோடு போய்விடும். 3.5-ஓடு ஒப்பிட்டாலும் நாலு மடங்கு.

ஜூம் இல்லையே என்று பயப்படாதீர்கள். வில்லுப்பாட்டுக்காரர்கள் எழுந்து ஓடுகிறவர்களா? 25 எம்எம் வைத்து 15 அடி தள்ளி உட்கார்ந்தால் ஏறக்குறைய 10 அடி அகலம் கட்டத்துக்குள் வரும். சில கேமரா 4கே-யில் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டும், ஓரடி பின்னால் போய்க்கொள்ளுங்கள். வில், குடம், உடுக்கை, பின்பாட்டு எல்லாம் அடங்கிவிடும். பின்னணி ரொம்ப மங்கிப்போகுமோ என்ற கவலையும் வேண்டாம், சின்ன சென்சாரில் 1.7 என்பது வெளிச்சத்துக்குத்தான் 1.7, ஃபோகஸ் ஆழத்துக்கு ஃபுல் ஃபிரேம் என்கிற பெரிய சென்சாரின் 3.4 மாதிரி. பாடுகிறவர் முன்னால் சாய்ந்து வில்லைத் தட்டினாலும் முகம் தப்பாது. ஒருமுறை ஆட்டோவில் பிடித்து, அப்புறம் மேனுவலுக்கு மாற்றி விட்டுவிடுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஃபோகஸ் பற்றிய நினைப்பே வேண்டாம்.

சாமியாடிக்கு வேறு வித்தை, இதற்குப் பழைய கிட் லென்ஸே போதும். 12 எம்எம், எஃப் 3.5, மேனுவல் ஃபோகஸை 9 அடியில் வையுங்கள். நாலரை அடியிலிருந்து கோபுர உச்சி வரைக்கும் எல்லாம் தெளிவாக இருக்கும். அவர் ஓடட்டும், குதிக்கட்டும், தீப்பந்தத்தோடு திரும்பட்டும், ஃபோகஸ் ஊசலாட வழியே இல்லை. பக்கத்தில் போய் அகலமாக எடுப்பதுதான் ஆட்டத்துக்கு அழகு என்பது என் கட்சி, தூரத்தில் நின்று ஜூம் பண்ணினால் ஆட்டத்தின் வேகம் செத்துவிடும்.

கடனாநதிக்கரை:

இப்போதுதான் மெனுவைப் பார்த்தேன். 59.94 என்றுதான் இருந்தது, 30 ஃபிரேம், 1/60. டியூப்லைட் அண்ணாச்சிக்கு ஒரு கும்பிடு. வீட்டு டியூப்லைட்டில் 25, 1/50 வைத்துப் பார்த்தேன், பட்டை சுத்தமாக இல்லை. அம்மா என்னைப் பார்த்து "லைட்டைப் போய் எதுக்குடா படம் பிடிக்கே" என்று கேட்டார்கள்.

நாலுரத வீதி:

எல்லோரும் சேர்ந்து தம்பியைப் பழைய கேமராவிலேயே கட்டிப்போடுகிறீர்கள், எனக்கு ஒப்பவில்லை. நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தை டவுன் ரத வீதியில் நின்று எடுத்துப் பாருங்கள், அப்போது தெரியும். தேர் அசைந்து வருகிறது, வடம் பிடிக்கிற கூட்டம் உங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது, அங்கே 9 அடியில் ஃபோகஸை வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்க முடியுமா? ஃபேஸ் டிடெக்ஷன் (முகம் என்கிற face இல்லை, phase, ஃபோகஸ் பிடிக்கிற ஒரு முறை) இல்லாத பழைய கேமரா எதுவானாலும் வீடியோவில் கொஞ்சம் தடவும், அது வேலை செய்கிற முறையே அப்படி. கான்ட்ராஸ்ட் எங்கே கூடுகிறது என்று முன்னும் பின்னும் போய்ப் பார்த்துத்தான் முடிவு பண்ணும். இசட்வி-ஈ10, கேனான் ஆர்50 இரண்டிலும் ஃபேஸ் டிடெக்ஷன் உண்டு, கண்ணைப் பிடித்தால் விடாது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டிலும் பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன் கிடையாது, கையில் பிடித்து எடுத்தால் லென்ஸில் அது இருக்க வேண்டும், இல்லையென்றால் டிஜிட்டலாக ஓரத்தை வெட்டித்தான் ஆட்டத்தைக் குறைக்கும். இசட்வி-ஈ10 பேட்டரி சின்னது, ஒரு சாமக்கொடைக்குக் குறைந்தது நாலு வேண்டும், இல்லை பவர் பேங்கை வயரில் மாட்டிவிட வேண்டும். 4கே 30-இல் படத்தை 1.23 மடங்கு வெட்டும், ஆனால் 25-இல் வெட்டாது, நம் ஊருக்கு அது தோதாகிவிட்டது.

வரித்தலை வாத்து:

அண்ணாச்சி சொல்வது தேருக்குச் சரி. நானே ஒத்துக்கொள்கிறேன், ஓடுகிற பிள்ளை, ஆடுகிற கூட்டம் என்றால் புது ஃபோகஸுக்கு ஈடு கிடையாது. ஆனால் தம்பி கேட்டது உட்கார்ந்து பாடுகிற எழுபது வயசு மனிதரை எடுக்க. அவர் எங்கே ஓடப்போகிறார்? அதோடு நீங்கள் சொல்கிற கேமராவுக்கு எஃப் 1.4 லென்ஸையும் சேர்த்தால் ஆடிக் கொடை போய்த் தைப்பூசமே வந்துவிடும்.

நாலுரத வீதி:

சரிவே, ஒத்துக்கிடுதேன். ஆனால் அடுத்த வருசம் தேருக்கு வந்து நின்னு புலம்பினால் நான் பொறுப்பில்லை.

வீசுகோல்:

நான் கேமராக்காரன் இல்லை, எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வில்லடி. நானே பின்பாட்டுப் பாடியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன், படம் மங்கலாக இருந்தாலும் பாட்டைக் கேட்பார்கள், சத்தம் உடைந்தால் ஒரு நிமிடம்கூடக் கேட்க மாட்டார்கள். இவ்வளவு நேரம் எல்லோரும் லென்ஸைப் பற்றியே பேசிவிட்டீர்கள்.

வில்லில் கட்டின மணி மேலே கிணுகிணுவென்று போகும், குடம் அடியிலே கும்மென்று இடிக்கும், நடுவில் உடுக்கை, தாளம், கட்டை, இதற்கெல்லாம் மேலே அண்ணாச்சி குரல். கேமராவின் ஆட்டோ லெவல் என்ன செய்கிறது என்றால், குடத்தின் வாயில் மட்டை விழுந்தவுடன் ஐயோ சத்தம் என்று மொத்தத்தையும் குறைத்துவிடுகிறது, அடுத்த அரை விநாடி பாடுகிறவர் கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி ஆகிவிடுகிறது, திரும்ப மெல்ல ஏற்றுகிறது, அதற்குள் அடுத்த அடி. எங்கள் பாட்டின் விறுவிறுப்பே அந்த அடிகளுக்கு இடையில் வருகிற சொல்லில்தான் இருக்கிறது, அதைத்தான் அது விழுங்குகிறது. முதல் வேலையாக ஆட்டோ லெவலை அணையுங்கள். குடத்தைச் சும்மா நாலு தட்டுத் தட்டச் சொல்லி, சத்த மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கிற மாதிரி கையால் வையுங்கள்.

இரண்டாவது, கேமரா மைக்கை மறந்துவிட்டுத் தனியாக ஒரு ரெக்கார்டர் வையுங்கள். இப்போது 32 பிட் ஃப்ளோட் என்று வருகிறது, ஜூம் கம்பெனியின் ஹெச்1 எசென்ஷியல் போல. லெவல் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பிறகு சரிபண்ணிக்கொள்ளலாம். ஆனால் அதையும் கொண்டுபோய்க் குழாய் ஸ்பீக்கர் முன்னால் வைத்தால் பிரயோஜனம் இல்லை. வில்லுக்கு முன்னால் மூன்று, நாலு அடியில், தரையில் வேண்டாம், சின்ன ஸ்டாண்டில், ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி வையுங்கள். மைக் செட்காரர் மிக்ஸரிலிருந்து லைன் அவுட் கொடுத்தால் அதையும் தனியாகப் பதியலாம், நேராகக் கேமராவின் மைக் ஓட்டையில் மட்டும் சொருகாதீர்கள், லைன் சத்தம் மைக்குக்கு ரொம்ப அதிகம், கரகரவென்று உடையும்.

ஆரம்பத்தில் கேமரா முன்னால் ஒரு கைதட்டு, அதை வைத்துப் பிறகு படத்தையும் சத்தத்தையும் சேர்த்துவிடலாம். பழைய கேமராக்கள் பல 29 நிமிடம் 59 விநாடியில் தானாக நின்றுவிடும். கதை முற்றுகிற இடத்தில் நின்று தொலைக்காமல், விருத்தம் முடிந்து தண்ணீர் குடிக்கிற நேரமாகப் பார்த்து நீங்களே நிறுத்தி மறுபடி ஓட்டுங்கள், ஒவ்வொரு தடவையும் ஒரு கைதட்டு.

கடைசியாக ஒன்று, கோபப்படக் கூடாது. கோயிலுக்கு வரி கொடுக்கிற வரிக்காரர்கள் எல்லோரிடமும், பூசாரியிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சாமியாடி முகத்தில் எல்இடி லைட் அடிக்காதீர்கள். சாமி வேட்டைக்குப் போகும்போது கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகவே கூடாது, உங்களுக்கே தெரியும், ஆனாலும் கையில் கேமரா வந்தால் எல்லோருக்கும் மறந்துவிடுகிறது.

சாரல்:

பறவை பற்றி யாருமே பதில் சொல்லவில்லையே. வாத்துப் பெயரை வைத்திருக்கிறவரே லென்ஸ் கணக்கோடு ஒதுங்கிவிட்டார்.

கூந்தன்குளத்துக்கு உங்கள் சின்ன சென்சார் வரம்தான். 100-300 எம்எம் லென்ஸ் மாட்டினால் ஃபுல் ஃபிரேமில் 600 எம்எம் பார்க்கிற பார்வை கிடைக்கும், தூக்கிக்கொண்டு நடக்கிற எடையில். அங்கே ஊருக்குள்ளேயே, வீட்டுப் புறக்கடை மரங்களிலேயே சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும், பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது, அதனால் கூட்டை எடுக்க 150 எம்எம் வரை போகிற லென்ஸ்கூடப் போதும். குளத்துக்கு நடுவில் இருக்கிற வரித்தலை வாத்துக்குத்தான் 300 வேண்டும். விடியக்காலையில் போய்விடுங்கள், வெயில் ஏறினால் தண்ணீருக்கு மேலே காற்று நடுங்கி எந்த லென்ஸாக இருந்தாலும் படம் மசமசவென்று வரும். பறக்கும்போது ஷட்டர் 1/1000-க்குக் குறைய வேண்டாம், இங்கே டியூப்லைட் கிடையாது, 1/50 பாட்டை மறந்துவிடலாம். சத்தம் போட்டுப் பறக்க வைத்து எடுக்கிற கூட்டம் ஒன்று வரும், அதோடு சேராதீர்கள்.

அதைவிட முக்கியம், உங்கள் ஊர் மலையடிவாரம். ஆனி, ஆடியில் சாரல் விழும்போது வீட்டுச் சுவரே வேர்க்கும். நான் தென்காசிக்காரன், ஒரு நல்ல லென்ஸை அதற்கென்று வந்த தோல் பையிலேயே போட்டு மரப் பீரோவில் நாலு மாதம் பத்திரப்படுத்தினேன். எடுத்துப் பார்த்தால் உள்கண்ணாடியில் சிலந்தி வலை பின்னின மாதிரி வெள்ளைப் பூஞ்சை, டார்ச் அடித்தால் வேர் வேராகத் தெரிகிறது. தோல், துணி எல்லாம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இப்போது அடுக்களையில் ரவை போட்டு வைக்கிற மாதிரி ரப்பர் வளையம் வைத்த இறுக்கமான டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு குட்டி ஈரமானி, 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மெல்லிய தீயில் வறுத்தால் திரும்ப வேலை செய்யும், வறுத்த வாணலியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்லுவார்கள், கேட்காதீர்கள், அரிசி மாவுத் தூசி லென்ஸ் வளையத்துக்குள் போய் நறநறக்கும்.

ஏசி காரிலிருந்து இறங்கும் முன்னால் கேமராவை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள். பனி பையின் வெளியே படியும், லென்ஸில் படியாது.

கடனாநதிக்கரை:

அம்மன் கொடை முடிந்து மூன்று நாள் ஆகிறது, எல்லோருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கேமராவை விற்கவில்லை. 25 எம்எம் எஃப் 1.7 பழசு ஒன்று வாங்கினேன், ரெக்கார்டரை ஒரு நண்பனிடம் இரவல் வாங்கினேன், ட்ரைபாட் மட்டும் புதுசு. 25 ஃபிரேம், 1/50, ஐஎஸ்ஓ 800. டியூப்லைட்டில் ஒரு பட்டை இல்லை. பன்னிரண்டரைக்கு மேல் கரண்ட் போய் ஜெனரேட்டர் வந்தது, டியூப்லைட் அண்ணாச்சி சொன்ன மாதிரியே மெலிசாக ஒரு நிழல் ஊர்ந்தது. எனக்கு அதைப் பார்த்துச் சிரிப்புத்தான் வந்தது, சொல்லி வைத்த மாதிரி வருகிறதே என்று.

படத்தை வீட்டில் பெரிதாகப் போட்டுப் பார்த்தபோது நான் நேரில் பார்க்காததெல்லாம் தெரிந்தது. உடுக்கை அடிக்கிறவர் கட்டைவிரல் நாடாவை அழுத்தி அழுத்தி விடுகிறது, அந்த அழுத்தலில்தான் சத்தம் அழுகிற மாதிரி வளைகிறது. அண்ணாச்சி நெற்றித் திருநீறு வேர்வையில் கரைந்து புருவத்துக்கு இறங்குகிறது, வில்லைத் தட்டுகிற வீசுகோலைப் பிடித்த கையாலேயே துடைக்கிறார், தாளம் தப்பவில்லை. போன தடவை இந்த முகம் முழுக்க மணலாக இருந்தது.

சாமியாடிக்கு 12 எம்எம், 9 அடி. ஒரு இடத்தில் அவர் என் மேலேயே வந்து விழப்பார்த்தார், அந்த ஷாட் மட்டும் மங்கல், நாலடிக்குள் வந்துவிட்டார். மற்றதெல்லாம் கத்தி மாதிரி இருக்கிறது. நாலுரத வீதி அண்ணாச்சி, தேருக்கு உங்கள் கேமராவை இரவல் கேட்பேன்.

இப்போது என் முட்டாள்தனம். 64 ஜிபி கார்டு, 4கே-க்கு விநாடிக்கு 100 மெகாபிட், கணக்குப் போட்டால் 85 நிமிடம் வரும். கணக்கெல்லாம் போட்டுத்தான் வைத்தேன், ஆனால் கும்மி அடிக்கிறதையும் முளைப்பாரியையும் சாயங்காலம் அதே கார்டில் எடுத்ததை மறந்துவிட்டேன். மாற்றுக் கார்டு வீட்டில், மேசை மேலே. வாழி பாட ஆரம்பித்து இரண்டாவது அடியில் கேமரா நின்றுவிட்டது. ரெக்கார்டர் ஓடிக்கொண்டே இருந்ததால் பாட்டு முழுசாக இருக்கிறது, அதற்குமேல் அன்றைக்கு எடுத்த ஃபோட்டோக்களை வரிசையாகப் போட்டு ஒப்பேற்றியிருக்கிறேன்.

யூடியூபில் போடலாமா என்று பாடுகிற அண்ணாச்சியிடம் கேட்டேன். "முதல்ல என் வீட்டு டிவியில ஓடுதான்னு பாரு, பேரப்பிள்ளையள் பாக்கட்டும், அப்புறம் ஊருக்குக் காட்டலாம்" என்றார். பென்டிரைவில் போட்டுக் கொண்டுபோனால் அவர் டிவி ஃபைலையே காட்டவில்லை. இதற்கு என்ன வழி?

டியூப்லைட்:

பழைய டிவியாக இருக்கும் தம்பி. 4கே ஃபைல் அதற்குச் செரிக்காது, 1080-ஆக, ஹெச்.264-இல் மாற்றி எம்பி4 ஆக எடுங்கள், 20 மெகாபிட் போதும். பென்டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மட் பண்ணுங்கள், பழைய டிவி பெரும்பாலும் அதைத்தான் படிக்கும். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபி-யைத் தாண்டக் கூடாது, இந்த அளவில் கிட்டத்தட்ட 27 நிமிடம் வரும், அதனால் 25 நிமிடத்துக்கு ஒன்றாக வெட்டி 1, 2, 3 என்று பெயர் வையுங்கள். வெட்டுகிற இடம் பாட்டின் நடுவில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அண்ணாச்சி திட்டுவார்.